மருத்துவத் தகவலியலில் பிஎச்டி செய்யப் போகிறவர்களுக்கு

‘கே/சி/ஓ டிஎம், எஸ்எச்டி’ என்ற வரி நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரிகளில் அடிக்கடி வரும். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர், இரத்தக் கொதிப்பும் உண்டு என்று அர்த்தம். அதே நோயாளியை அடுத்த முறை பார்க்கும் டாக்டர் ‘டி2டிஎம்’ என்று எழுதுவார். மூன்றாவது டாக்டர் நோயின் பெயரை எழுதாமல் மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் எழுதி அனுப்பிவிடுவார். வார்டு நர்ஸுக்கு மூன்றும் ஒன்றுதான் என்று பார்த்ததுமே புரியும். கணினிக்குப் புரியாது. மாத்திரையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்றால், பிசிஓடி இருக்கும் பெண்களுக்கும் மெட்ஃபார்மின் கொடுப்பார்கள். இந்த மருத்துவமனைக்கு ஐந்து வருடத்தில் எத்தனை சர்க்கரை நோயாளிகள் வந்தார்கள் என்ற எளிய கேள்விக்குப் பதில் சொல்லவே, மருத்துவமும் கணினியும் புள்ளியியலும் ஓரளவாவது தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

மருத்துவத் தகவலியல் இந்த வேலைக்கான துறை. நோயாளியைப் பற்றிய தகவல் எப்படிப் பதிவாகிறது, எங்கே தொலைகிறது, அதை எப்படிச் சேர்த்து வைத்தால் அடுத்த நோயாளிக்கு உதவும் என்பதுதான் இதன் மையக் கேள்வி. மரபணு வரிசைகளை ஆராயும் உயிர் தகவலியல் இதற்குப் பக்கத்து வீடு. ஆனால் வேறு வீடு. மருத்துவமனைக்குப் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுவதும் இது அல்ல. பொறியியல், புள்ளியியல், எம்பிபிஎஸ், நர்சிங், ஃபார்மசி, பொதுச் சுகாதாரம் என்று எந்தப் பக்கத்திலிருந்தும் இதற்குள் வரலாம். நான் கணினிப் பக்கத்திலிருந்து வந்தேன். இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த ஆய்வைத் தொடங்க நினைப்பவர்களுக்கு, நான் தொடங்கியபோது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றுகிறவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற மாணவர் மருத்துவப் படிப்பையும் கணினி ஆய்வையும் ஒன்றாகச் செய்தார். 1975இல் முனைவர் பட்டம் வாங்கினார், அடுத்த வருடம் எம்டி. அவர் உருவாக்கிய ‘மைசின்’ என்ற நிரல், இரத்தத்தில் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கும். பின்னர் மைசினின் பரிந்துரைகளையும் தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்களின் பரிந்துரைகளையும் பெயர் மறைத்துக் கலந்து, வெளி நிபுணர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். மைசின் பேராசிரியர்களுக்குக் குறையாமல் மதிப்பெண் வாங்கியது. ஆனாலும் அது வார்டில் பயன்பாட்டுக்கு வரவே இல்லை. நோயாளியின் விவரம் ஏற்கெனவே வேறெங்கோ எழுதப்பட்டிருக்க, தனியாக ஒரு கருவியின் முன் உட்கார்ந்து கேள்வி கேள்வியாகப் பதில் டைப் செய்ய எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? நிரல் சரியாக இருந்தது, அதை வைக்க வார்டில் இடம்தான் இல்லை. இந்தத் துறையில் தோற்ற ஆய்வுகளைப் பார்த்தால், பாதிக்கு மேல் இதே காரணமாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அதனால்தான் என் முதல் படி கணினியில் தொடங்கவில்லை.

முதலில் ஓபியில் போய் உட்காருங்கள்

பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். தெரிந்த டாக்டர் ஒருவர் மூலமாகத் துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, இரண்டு வாரமாவது ஒரு மருத்துவமனையில் ஓரமாக இருந்து பாருங்கள். நோயாளிகளின் பெயரையோ விவரத்தையோ குறிப்பேட்டில் எழுதக் கூடாது. தகவல் நடக்கும் பாதையை மட்டும் கவனியுங்கள்: ஓபி சீட்டில் யார் எழுதுகிறார், அதை யார் கணினியில் ஏற்றுகிறார், எத்தனை மணி நேரம் கழித்து ஏற்றுகிறார், எது காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. எம்ஆர்டி என்று சொல்லும் பதிவேட்டு அறையில் ஒரு நாள் முழுக்க இருங்கள். அங்கே இருபது வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் சொல்லும் விஷயம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது.

நான் பார்த்த வார்டில் இரத்த அழுத்தப் பதிவுகளில் 120/80 என்ற எண் இயல்புக்கு மீறி நிறைய இருந்தது. ஒரே நேரத்தில் நாற்பது பேரைக் கவனிக்கும் நர்ஸ் கிட்டத்தட்டச் சரியான முழு எண்ணை எழுதுவதில் ஆச்சரியம் இல்லை. காலை ஆறு மணிக்கு எடுத்த அளவு, ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாகக் கணினியில் ஏறும். இதை நேரில் பார்க்காமல் தரவை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால், எட்டு மணிக்கு எல்லா நோயாளிகளுக்கும் ஏதோ நடக்கிறது என்று நினைத்திருப்பேன்.

டாக்டர்களிடம் “உங்களுக்கு என்ன சாஃப்ட்வேர் வேண்டும்?” என்று கேட்காதீர்கள். “எந்தத் தகவல் முன்கூட்டியே தெரிந்தால் நாளைக்கு நீங்கள் வேறு மாதிரி முடிவெடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உங்கள் ஆய்வுக் கேள்வியின் விதை. ‘செயற்கை நுண்ணறிவு மூலம் சர்க்கரை நோயைக் கண்டறிதல்’ என்ற தலைப்பில் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தில் சில நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம் அது. அதை ஊகிக்க எதற்கு ஒரு கணினி மாதிரி (மாடல்)? கர்ப்பிணிகளின் பதிவுக்கு நம் மாநிலத்தில் பிக்மி இருக்கிறது. அப்படிப் பதிவான தாய்மார்களில் இந்த வாரம் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று கிராம சுகாதாரச் செவிலியருக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டால் அது கேள்வி. ஏனென்றால், பதில் கிடைத்தால் ஒருவர் ஒரு வீட்டுக்குக் கிளம்பிப் போவார்.

கைடு ஒருவர் போதாது

கணினிப் பக்கத்தில் ஒருவர், மருத்துவப் பக்கத்தில் ஒருவர் என்று இரண்டு கைடு இல்லாமல் இந்த ஆய்வைத் தொடங்க வேண்டாம். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். மருத்துவப் பக்கத்தில் இருப்பவர் கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்ள மட்டும் இருந்தால் பயனில்லை. மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, “இந்த நோயாளிக்கு உன் நிரல் சொல்வது தப்பு, ஏன் தெரியுமா?” என்று விளக்குகிறவராக இருக்க வேண்டும். வேறு துறையிலோ வேறு நிறுவனத்திலோ இருப்பவரை இணை கைடாக வைத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிமுறைகள் இடம் தருகின்றன. இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தால் பின்னால் வரும் பல சிக்கல்கள் வராது.

அவர்களைப் பிடிப்பது எப்படி? பேராசிரியருக்கு மின்னஞ்சல் சரிப்படும். டாக்டருக்கு நீளமான மின்னஞ்சல் அனுப்பினால் படிக்க மாட்டார், அது அவர் குற்றமும் இல்லை. ஓபி முடிகிற நேரம் பார்த்து, ஒரே பக்கத்தில் எழுதிய கேள்வியோடு நேரில் போய் நில்லுங்கள். அடுத்து அவர்களுடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசுங்கள். முடிக்க எத்தனை வருடம் ஆயிற்று, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, சந்திப்பு ஒழுங்காக நடந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் முன்பே விசாரியுங்கள். அதே யுஜிசி விதிமுறைகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிகாட்ட முடியும். ஓய்வுபெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. நல்ல கைடு கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் இதை விசாரிக்காமல் விட்டு, கடைசி நேரத்தில் இடமில்லை என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே சேர்வது, எதில் எழுதுவது

மருத்துவத் தகவலியல் என்ற பெயரிலேயே பிஎச்டி தரும் துறையைத் தேடி அலைய வேண்டாம். இங்கே இந்த ஆய்வு பல பெயர்களில் நடக்கிறது: கணினி அறிவியல், உயிர்மருத்துவப் பொறியியல், உயிரிப் புள்ளியியல், சமூக மருத்துவம். சென்னை ஐஐடி 2023இல் மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்றே தனித் துறை தொடங்கியது. அதே ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் படிப்புகள் அதற்கு முன்பிருந்தே உண்டு. பம்பாய் ஐஐடியில் டிஜிட்டல் சுகாதாரத்துக்கான கொய்தா மையம் இருக்கிறது. கரக்பூர் ஐஐடியின் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பப் பள்ளி 2001இலிருந்து டாக்டர்களையும் பொறியாளர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது. எம்பிபிஎஸ் முடித்துவிட்டு நேரடியாக ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களின் சேர்க்கை அறிவிப்பைத் தனித்தனியே படியுங்கள். நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறும்.

தகுதி, காலம் பற்றி யுஜிசி விதிகளில் உள்ளது இவ்வளவுதான்: முதுநிலையில் 55 சதவீதம், அல்லது நான்கு வருட இளநிலையில் 75 சதவீதம். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மேலும் இரண்டு வருட நீட்டிப்பு கிடைக்கும். மகப்பேற்றுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு உண்டு. வேலையில் இருப்பவர்கள் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகச் செய்யலாம். ஆன்லைன் பிஎச்டி என்று விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து எட்டெக் நிறுவனங்கள் நடத்தும் ஆன்லைன் பிஎச்டி செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் வெளிப்படையாகவே எச்சரித்தன.

பணம் முக்கியம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் ரூ.37,000, அப்புறம் எஸ்ஆர்எஃப் என்ற மூத்த ஆய்வாளர் நிலைக்கு வந்ததும் ரூ.42,000, இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. எந்தப் பாடத்தில் நெட் எழுதுவது என்ற குழப்பம் இந்தத் துறைக்கு வருகிற எல்லோருக்கும் வரும். கணினிப் பக்கத்தவர்கள் யுஜிசி நெட்டில் கணினி அறிவியல், பொதுச் சுகாதாரப் பக்கத்தவர்கள் சமூக மருத்துவம், உயிரியல் பக்கத்தவர்கள் சிஎஸ்ஐஆர் நெட் என்று உங்கள் முதுநிலைப் பட்டத்துக்கு நெருக்கமானதை எழுதுங்கள்.

வெளிநாடு என்றால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் ஹைல்பிரான் கல்லூரியும் சேர்ந்து 1972லேயே மருத்துவத் தகவலியலைத் தனிப் பட்டப் படிப்பாகத் தொடங்கிவிட்டன. அந்த நாட்டில் முனைவர் ஆய்வு பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை, அதனால் ஆராய்ச்சிக் குழுவின் வேலை அறிவிப்பைத்தான் தேட வேண்டும். அமெரிக்காவில் தேசிய மருத்துவ நூலகம் தரும் பயிற்சி நிதி பல பெரிய பல்கலைக்கழகங்களில் இந்தத் துறையின் ஆய்வுப் படிப்புகளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். விண்ணப்பிக்கும் முன், வெளிநாட்டு மாணவருக்கு எந்த நிதியிலிருந்து பணம் வரும் என்று நேராகக் கேட்டு எழுதுங்கள்.

கோர்ஸ்வொர்க்: தெரியாத பக்கத்தை எடுங்கள்

குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் படிக்க வேண்டும். ஏற்கெனவே தெரிந்ததையே எடுத்து மதிப்பெண் வாங்கிவிடலாம் என்ற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பொறியாளர்கள் நோய்ப்பரவலியலும் உயிரிப் புள்ளியியலும் எடுக்க வேண்டும். டாக்டர்கள் பைத்தானுக்கு முன்னால், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவமனைத் தரவு முழுக்க அட்டவணைகளில்தான் கிடக்கிறது. அதைத் தாங்களே கேட்டு எடுக்கத் தெரிந்த டாக்டருக்கு இந்தத் துறையில் பாதிச் சுதந்திரம் கிடைத்த மாதிரி.

தரநிலைகளை இரண்டு பக்கத்தவரும் படிக்க வேண்டும். நோய்களுக்கு ஐசிடி, மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் சிடி, லேப் பரிசோதனைகளுக்கு லாயின்க், ஸ்கேன் படங்களுக்கு டைகாம், அமைப்புகளுக்கு இடையே பரிமாற ஃபயர். ஸ்னோமெட்டின் உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று, அதனால் இங்கே அதைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். அரசின் கணினி ஆய்வு நிறுவனமான புனே சி-டாக்கில் உள்ள தேசிய மையத்தில் பதிவு செய்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஆபா என்ற 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணைத் தரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனும் ஃபயர் அடிப்படையில்தான் ஆவணங்களைப் பரிமாறுகிறது. படிக்கச் சலிப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்தில் சொன்ன ‘கே/சி/ஓ டிஎம்’ வரியை ஒரு முறை நீங்களே ஸ்னோமெட் குறியீட்டுக்கு மாற்றிப் பாருங்கள், சலிப்பு போய்விடும்.

தரவும் எத்திக்ஸ் கமிட்டியும்

உங்கள் காலண்டரைத் தீர்மானிப்பது இதுதான். நிரல் எழுதுவது சில மாத வேலை. தரவு கையில் வர ஒரு வருடம் ஆகலாம்.

ஒரு தனியார் மருத்துவமனையில் பொறுப்பில் இருந்தவர் “தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னார். அதை நம்பி ஆய்வுத் திட்டம் முழுவதையும் அந்தத் தரவை வைத்து எழுதினேன். எட்டு மாதம் கழித்து அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எழுத்தில் ஒன்றுமே இல்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த வலியில் சொல்கிறேன்: எந்தெந்த வருடத் தரவு, எந்தெந்த விவரங்கள், யார் அடையாளம் நீக்குவார், எங்கே வைக்கப்படும், எத்தனை வருடம், கட்டுரையாக வெளியிடலாமா என்ற ஆறும் உள்ள கையெழுத்திட்ட கடிதம் கைக்கு வரும்வரை உங்களிடம் தரவு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் தொடர்பான ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியைத் தடையாக நினைத்துத்தான் பலர் போகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளையும், மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு என்று 2023இல் வந்த நெறிமுறைகளையும் படித்துவிட்டுப் போனால், அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் என்று பலர் இருப்பார்கள். அந்தப் பொதுமக்கள் பிரதிநிதிக்குப் புரிகிற மாதிரி உங்கள் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை என்றால், திட்டம் இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

பழைய பதிவுகளை அடையாளம் நீக்கிப் பயன்படுத்துவது மட்டும்தான் வேலை என்றால், ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்பது கமிட்டியின் முடிவு. நோயாளியிடம் நேராகத் தகவல் வாங்குவதென்றால் தமிழில் ஒப்புதல் படிவம் வேண்டும். ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிபெயர்ப்பு நிரலில் போட்டு எடுக்காதீர்கள். வார்டில் இருக்கும் ஒரு தாத்தாவிடம் படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர் வாயால் சொல்லக் கேட்டு, அப்புறம் கமிட்டிக்குக் கொடுங்கள். தரவோ நிதியோ வெளிநாட்டுக் கூட்டாளியோடு தொடர்புடையது என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு (எச்எம்எஸ்சி) அனுமதியும் தேவைப்படும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வுக்குச் சில விலக்குகள் இருக்கின்றன. அதைக் காட்டி எத்திக்ஸ் கமிட்டியைத் தாண்ட முடியாது.

அடையாளம் நீக்குவது என்றால் பெயர்ப் பத்தியை அழிப்பது மட்டுமல்ல. ஸ்கேன் கோப்பின் தலைப்பகுதியில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும். அல்ட்ராசவுண்ட் படங்களில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். டாக்டரின் குறிப்புக்குள் “இவர் நம் லேப் முருகனின் அப்பா” என்கிற மாதிரி ஒரு வரி ஒளிந்திருக்கும். சிறிய ஊரில் அரிதான நோய் என்றால் வயதும் ஊரும் சேர்ந்தாலே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எச்ஐவி விவரங்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. கருவின் ஸ்கேன் படங்களோடு வேலை செய்வதென்றால், கருவின் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு, சட்டம் தெரிந்தவரிடம் கேட்ட பிறகு தொடங்குங்கள்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். பாஸ்டனில் உள்ள ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தரவு ‘மிமிக்’ என்ற பெயரில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. 2016இல் வந்த மூன்றாவது பதிப்பில் 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகள் உள்ளன. மனிதர்கள் தொடர்பான ஆய்வு நெறி பற்றி இணையத்தில் ஒரு பயிற்சி முடித்து, தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அனுமதி கிடைக்கும். அந்தத் தரவை இணையத்தில் உள்ள சாட்பாட்களில் ஒட்டக் கூடாது, அது ஒப்பந்தத்தை மீறுவது. பயிற்சிக்கு இதைவிட நல்ல தரவு எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பாஸ்டன் ஐசியூவில் கற்றது மதுரை வார்டில் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

தரவு வந்த பிறகு

மாதிரி கட்டும் முன் ஒரு மாதம் வெறுமனே தரவைப் பாருங்கள். கிரியாட்டினின் ஒரு லேபில் மில்லிகிராமிலும் இன்னொன்றில் மைக்ரோமோலிலும் இருக்கும். காலியாக இருக்கும் கட்டமும் தகவல்தான்: லாக்டேட் பரிசோதனை செய்யவில்லை என்றால், டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை என்று பொருள் இருக்கலாம். இரத்தம் எடுத்த நேரம், முடிவு வந்த நேரம் இரண்டையும் குழப்பிக்கொண்டால், உங்கள் நிரல் நாளைக்கு வரப்போகும் முடிவை இன்றைக்கே பார்த்து ஊகிக்கும். காகிதத்தில் பிரமாதமாக வேலை செய்யும் அந்த நிரல் வார்டில் ஒன்றுக்கும் ஆகாது. ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போய்விடுவதும் இதே வகைத் தவறு. எப்போதும் நோயாளி வாரியாகப் பிரியுங்கள்.

எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் நிமோனியா உதாரணம் ஒன்று உண்டு. நிமோனியாவோடு வருபவர்களில் யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கற்ற ஒரு மாதிரி, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று சொன்னது. தரவில் அது உண்மைதான். ஆஸ்துமா இருப்பவர்களை டாக்டர்கள் உடனே ஐசியூவுக்கு அனுப்பியதால் அவர்கள் பிழைத்தார்கள். நிரலின் பேச்சைக் கேட்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தத் தவறைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், ஒரு பக்கம் உள்ளே என்ன நடக்கிறது என்று படித்துப் பார்க்கக்கூடிய மாதிரி இருந்தது. மறுபக்கம் அதைப் பார்த்ததும் “இது தப்பு” என்று சொல்லத் தெரிந்த டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டாவது கைடு எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மாதிரி கற்றுக்கொள்ள ஒவ்வொரு பதிவுக்கும் சரியான விடையை நிபுணர்கள் குறித்துத் தரும் வேலையையும் குறைத்து எடைபோட வேண்டாம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்படுவதைக் கண்டறிய கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட வேலைக்கு 1,28,175 படங்கள் பயன்பட்டன. அந்த ஆய்வில் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகிய நம் ஊர் மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. 54 கண் மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை பார்த்து மதிப்பிட்டார்கள். அவ்வளவு கவனமாகச் செய்த வேலையும், தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்குப் போனபோது திணறியது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று கணினி திருப்பிவிட்டது. இருட்டாக்க முடியாத அறையில், வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அவை. திருப்பப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வேறோர் ஊருக்குப் போக வேண்டிய ஒரு நோயாளி இருந்திருப்பார். உங்கள் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாவது, தரவு எடுத்த இடத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் சோதித்துப் பார்த்ததாக இருக்கட்டும்.

எழுதி முடிப்பது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் உங்கள் டாக்டர் கைடிடம் முழுதாக ஒரு முறை பேசிக் காட்டுங்கள். கட்டுரை வெளியிடுவது இப்போது யுஜிசி அளவில் கட்டாயமில்லை, ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம். எங்கே அனுப்புவது என்பதில் இரண்டு துறைக்காரர்களுக்கும் சண்டை வரும். கணினிக்காரர்கள் மாநாட்டை மதிப்பார்கள், டாக்டர்கள் இதழைத்தான் மதிப்பார்கள். ‘ஜாமியா’, ‘ஜர்னல் ஆஃப் பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ்’, ‘மெத்தட்ஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன் இன் மெடிசின்’ போன்றவை இரண்டு பக்கத்தையும் புரிந்துகொள்ளும் இதழ்கள். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஊகிக்கும் மாதிரி பற்றி எழுதுவதென்றால், 2024இல் வந்த ‘ட்ரைபாட் ஏஐ’ சரிபார்ப்புப் பட்டியலை எழுதத் தொடங்கும் நாளிலேயே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேடு எழுதும் முன், இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ‘ஷோத்கங்கா’வில் உங்கள் துறைக்கு நெருக்கமான நான்கைந்து ஆய்வேடுகளை முழுதாகப் படியுங்கள். உங்களை மதிப்பிடுபவர்களில் ஒருவர் கணினியும் ஒருவர் மருத்துவமும் சார்ந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் மருத்துவக் கேள்வியில் தொடங்கி, முறையைச் சொல்லி, மருத்துவக் கேள்விக்கே திரும்பி வருகிற மாதிரி எழுதினால் இருவருமே தொலைந்துபோக மாட்டார்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் டாக்டர் ஒருவர் “சரி, இதை என் ஓபியில் எப்போது பயன்படுத்துவேன்?” என்று கேட்பார். கணினிப் பேராசிரியர் “இதில் முறையில் என்ன புதுமை?” என்பார். இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு நிமிடப் பதில் தயாராக இருக்கட்டும்.

பட்டம் வாங்கிய கையோடு இன்னும் மூன்று வேலை பாக்கி இருக்கும். எத்திக்ஸ் கமிட்டிக்கு முடிவறிக்கை கொடுக்க வேண்டும். கடிதத்தில் சொன்ன காலம் முடிந்ததும் தரவை அழித்து, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த ஓபிக்குப் போய், கண்டுபிடித்தது என்ன என்பதைப் படம் போட்டு, தமிழில், அரை மணி நேரத்தில் சொல்லுங்கள். நர்ஸ்களையும் எம்ஆர்டியில் இருப்பவரையும் கூப்பிட மறக்காதீர்கள், அந்தத் தரவு முழுவதையும் எழுதி வைத்தவர்கள் அவர்கள்.